விழுந்த இடமும் ஏறிய இடமும்: மூன்றாம் பாயிண்ட்டில் தடம் புரண்ட எஞ்சின்

என் மாடல் ரயில் எஞ்சின் விழுந்து கிடந்த இடம் ஒவ்வொரு முறையும் ஒன்றுதான். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தைப் பாயிண்ட் என்பார்கள். மூன்றாம் பாயிண்ட்டில், இரு பாதைகளின் தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் கிராசிங்குக்கு எதிரே, வெளித் தண்டவாளத்தின் உட்பக்கம் ஒட்டி நிற்கும் செக் ரயிலின் வாய் தொடங்குகிற இடம். முன்னால் இருக்கும் போனி என்ற சிறு அச்சின் இரண்டு சக்கரங்களும் ஸ்லீப்பர்மேல் இறங்கியிருக்கும். பின்னால் வரும் எட்டு இயக்கு சக்கரங்களும் தண்டவாளத்திலேயே நிற்கும். அந்த கிராசிங்கை நான் பன்னிரண்டு நாட்கள் சோதித்தேன், அளந்தேன், திருத்தினேன். கோளாறு அங்கே இல்லை என்று பதின்மூன்றாம் நாள்தான் தெரிந்தது. மாடல் ரயில் வைத்திருப்பவர்கள் பலரும் இதே சுற்றில் மாட்டியிருப்பார்கள் என்பதால், நடந்ததை வரிசை மாற்றாமல் எழுதுகிறேன்.

திருச்சியில் எங்கள் வீட்டு மாடி அறையில் இந்தப் பாதை இருக்கிறது. நீளம் 2.4 மீட்டர், அகலம் 1.2 மீட்டர், அடியில் 12 மி.மீ. பிளைவுட். எச்ஓ அளவு, அதாவது அசலில் 87-இல் ஒரு பங்கு. தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மி.மீ. மொத்தம் ஐந்து பாயிண்ட்கள். எல்லாமே 610 மி.மீ. ஆரம் கொண்ட சிறிய வகை. தண்டவாளம் ‘கோடு 100’ எனப்படும் 0.1 அங்குல உயரம் உடையது. மூன்றாவது பாயிண்ட் இடப்பக்கம் பிரிந்து சரக்கு யார்டுக்குள் போகிறது.

தடம் புரண்டது 2-8-0 நீராவி எஞ்சின். முன்னால் ஒரு ஜோடி சிறு சக்கரம், அதாவது போனி. அடுத்து நான்கு ஜோடி இயக்கு சக்கரம். ஒப்பிடுவதற்கு நான்கு அச்சு டீசல் எஞ்சின் ஒன்றும் இருந்தது.

எதையும் தொடுவதற்கு முன் ஒரு நோட்டில் கணக்கு எழுதினேன். இந்த வேலையில் நான் உருப்படியாகச் செய்த முதல் காரியம் அதுதான். 2-8-0 எஞ்சின், பாதையை மாற்ற நகரும் கூரிய தண்டவாளமான நாக்கின் முனையிலிருந்து கிராசிங் நோக்கி, அதாவது ரயில்வேக்காரர்கள் ஃபேஸிங் என்று சொல்லும் திசையில், யார்டுக்குள் திரும்பும்போது பத்துக்கு ஏழு முறை விழுந்தது. அதே திசையில் நேராகப் போனால் பத்திலும் விழவில்லை. யார்டிலிருந்து வெளியே வரும்போதும் பத்திலும் விழவில்லை. டீசல் எஞ்சின் எந்தத் திசையிலும் விழவில்லை. மற்ற நான்கு பாயிண்ட்களிலும் 2-8-0 ஒருமுறைகூட விழவில்லை.

இந்தக் கடைசி இரண்டு வரிகளைச் சேர்த்துப் படித்தாலே விஷயம் பாதி விளங்கியிருக்க வேண்டும். டீசல் தப்பிக்கிறது, ஆகவே எஞ்சினில் ஏதோ இருக்கிறது. மற்ற பாயிண்ட்களில் அதே எஞ்சின் தப்பிக்கிறது, ஆகவே மூன்றாம் பாயிண்ட்டிலும் ஏதோ இருக்கிறது. தனித்தனியே பொறுத்துக்கொள்ளக்கூடிய இரண்டு குறைகள் ஓரிடத்தில் சந்திக்கின்றன. ஆனால் நான் அப்படி யோசிக்கவில்லை. விழுந்த இடம் கண்முன்னே இருந்தது. செக் ரயிலின் முனையில் புதிதாக ஒரு கீறல் பளபளத்தது. அதுபோதும் என்று நினைத்துவிட்டேன்.

செக் ரயிலின் வேலை எளியது. கிராசிங்கில் தண்டவாளம் விட்டுப்போகிற இடத்தைச் சக்கரம் தாண்டும்போது, அச்சின் மறுமுனையில் உள்ள சக்கரத்தை உட்புறமாகப் பிடித்து இழுத்து, இந்தச் சக்கரம் கிராசிங்கின் கூர்முனையான மூக்கின் தவறான பக்கத்தில் நுழையாமல் காக்கிறது. செக் ரயிலுக்கும் வெளித் தண்டவாளத்துக்கும் இடையே உள்ள சந்து அகலமாக இருந்தால் இந்தப் பிடி தளரும். என் பாயிண்ட்டில் அந்தச் சந்து 1.3 மி.மீ. அதைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று, 0.4 மி.மீ. கனமுள்ள பிளாஸ்டிக் பட்டை ஒன்றைச் செக் ரயிலின் பக்கவாட்டில் ஒட்டினேன். மாடல் ரயில்காரர்கள் வழக்கமாகச் செய்வதுதான். தளர்ந்த சந்துக்கு அது நல்ல மருந்தும்கூட.

மறுநாள் ஓட்டிப் பார்த்தேன். பத்துக்கு ஏழு என்பது பத்துக்கு ஆறு ஆயிற்று. அதோடு ஒரு புதுக் கோளாறும் சேர்ந்தது. மூன்றாவது இயக்கு அச்சு கிராசிங்கைக் கடக்கும்போது எஞ்சின் முழுவதும் ஒரு கணம் தூக்கிப்போட்டது. உள்ளே போனாலும் வெளியே வந்தாலும் அதே உலுக்கல்.

அப்போதுதான் வெர்னியர் காலிப்பரை எடுத்து ஒவ்வொரு அச்சையும் அளந்தேன். இரு சக்கரங்களின் முதுகுகளுக்கு இடையே உள்ள தூரம்தான் இந்தப் பொழுதுபோக்கில் தலையாய அளவு. 16.5 மி.மீ. பாதைக்கு அது 14.4, 14.5 அளவில் இருக்க வேண்டும். போனியில் 14.5. இயக்கு அச்சுகளில் மூன்றில் 14.4. மூன்றாவது அச்சில் மட்டும் 14.1.

நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாதை அகலம் 16.5. செக் ரயில் பக்கம் 1.3, மூக்கின் பக்கத்தில் வளைந்து போகும் விங் ரயில் பக்கம் 1.3 கழித்தால் 13.9. சக்கரங்களின் முதுகுகள் இந்த 13.9-ஐ அணைத்தபடி போக வேண்டும். 14.1 உள்ள அச்சு 0.2 மி.மீ. இடைவெளியில் இத்தனை நாள் நழுவிப் போய்க்கொண்டிருந்தது. நான் 0.4 மி.மீ. பட்டை ஒட்டியதும் 13.9 என்பது 14.3 ஆகிவிட்டது. 14.4 உள்ள அச்சுகள் இன்னும் போகும். 14.1 உள்ளது போக முடியாது. இரண்டு பக்கமும் நெருக்கப்பட்டு மேலே ஏறுகிறது. தூங்கிக்கொண்டிருந்த ஒரு குறையை என் திருத்தமே எழுப்பிவிட்டது. போனி ஏன் விழுகிறது என்பதற்கோ இதில் பதிலே இல்லை.

பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். ரயில்வேயில் தண்டவாளப் பிரிவில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பொன்மலைப் பக்கம் இப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை. மாலையில் மாடிக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பாதையை ஒரு சுற்றுப் பார்த்தார். நான் கிராசிங்கைக் காட்டி, செக் ரயிலைக் காட்டி, கீறலையும் காட்டினேன்.

“இது இறங்கிய இடம் தம்பி. ஏறிய இடம் எங்கே?” என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். ஒரு வண்டி தடம் புரண்டால் விசாரணைக்குப் போகிறவர்கள் முதலில் தேடுவது வண்டி கிடக்கும் இடத்தை அல்ல. சக்கரத்தின் உள்விளிம்பில் துருத்தி நிற்கும் ஃபிளாஞ்ச் தண்டவாளத்தின் தலைமேல் ஏறிய இடம் ஒன்று இருக்கும். அங்கிருந்து தலைமேலேயே ஓடி, வெளிப்பக்கம் இறங்கிய இடம் வேறொன்று இருக்கும். ஏறியதை ‘பாயிண்ட் ஆஃப் மவுண்ட்’ என்றும் இறங்கியதை ‘பாயிண்ட் ஆஃப் டிராப்’ என்றும் அறிக்கையில் எழுதுவார்கள். இரண்டுக்கும் இடையே பல மீட்டர் இருக்கலாம். தலைமேல் சாய்வாக ஒரு மெல்லிய கோடு போகும். அந்தக் கோட்டைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால்தான் குற்றவாளி கிடைப்பான்.

“சக்கரம் ஏறின இடத்துக்குத்தான் தம்பி வாய் இருக்கிறது. இறங்கின இடம் வெறும் சாட்சி,” என்றார்.

அவருடைய தண்டவாளத்தில் ஒரு சக்கரத்தின் மேல் டன் கணக்கில் எடை அழுத்துகிறது, கோடு தானாக விழுந்துவிடும். என் போனியின் எடை சில கிராம். எனவே ஒரு வழி செய்தோம். கறுப்பு மார்க்கர் பேனாவால் வலப்பக்க நாக்கின் தலையிலும், அதிலிருந்து கிராசிங் வரை போகும் தண்டவாளத்தின் தலையிலும் மை பூசினோம். ஏறக்குறைய 10 செ.மீ. நீளம். தண்டவாளம் வழியாக எஞ்சினுக்கு வரும் மின்சாரத்தை மை தடுக்கும்தான். ஆனால் பின்னால் நிற்கும் இயக்கு சக்கரங்களும் டெண்டர் என்ற பின்பெட்டியும் மை இல்லாத இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். போனி மட்டும் கடந்தால் போதும். எஞ்சினை ஊர்கிற வேகத்தில் விட்டேன். விழுந்ததும் நிறுத்தி, எஞ்சினைத் தூக்கி வைத்துவிட்டு, விளக்கைத் தாழ்த்திப் பார்த்தோம்.

சரியாக ஓடுகிற சக்கரத்தின் பரப்பு, மையைப் பட்டையாகத் தேய்த்து எடுக்கும். இங்கே அப்படி இல்லை. நாக்கின் நுனியிலிருந்து ஏறத்தாழ நான்கு மில்லிமீட்டர் தள்ளி ஒரு புள்ளி. அங்கே தொடங்கி, நாக்கின் தலைமேல் மயிரிழை போல் ஒரு வெள்ளிக் கோடு. கோடு வளைவோடு வளைந்து, நாக்கைத் தாண்டி, விங் ரயில் வரை போய் நின்றிருந்தது. போனியின் வலச் சக்கரம் நாக்கு நுனியிலேயே ஏறிவிட்டது. ஃபிளாஞ்சின் விளிம்பிலேயே நின்றபடி 10 செ.மீ. ஓடியிருக்கிறது. அச்சு முழுவதும் வலப்பக்கம் தள்ளிப்போனதால் இடச் சக்கரத்தின் ஃபிளாஞ்ச் செக் ரயிலின் சந்துக்குள் நுழைய வேண்டிய இடத்தில் அதன் முனையில் போய் மோதியிருக்கிறது. நான் பார்த்த கீறல் அந்த மோதலின் தடம். செக் ரயில் தன் வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருந்தது.

யார்டுக்குத் திரும்பும்போது மட்டும் விழுவதற்கும் இதே காரணம்தான். இடப்பக்கம் பிரிகிற பாயிண்ட்டில், திரும்பும் பாதைக்கு மாற்றினால் வலப்பக்க நாக்கு வெளித் தண்டவாளத்தோடு ஒட்டி நிற்கும். நேராகப் போகும்போது அந்த நாக்கு விலகியிருக்கும், சக்கரம் அதைத் தொடுவதே இல்லை. யார்டிலிருந்து வெளியே வரும்போது சக்கரம் நாக்கின் அடியிலிருந்து நுனிக்கு ஓடுகிறது, நுனியை முட்ட வழியில்லை. என் நோட்டில் முதல் நாளே இருந்த கணக்கு அத்தனையும் நாக்கு நுனியைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. அதைப் படிக்க எனக்குத்தான் தெரியவில்லை.

பாயிண்ட்டைத் திரும்பும் பாதைக்கு மாற்றி, நாக்குக்கும் வெளித் தண்டவாளத்துக்கும் இடையே தாளைச் செருகிப் பார்த்தோம். சாதாரண நோட்டுத் தாள் இரண்டு மடிப்பு நுழைந்தது. மூன்று மடிப்பு நுழையவில்லை. பெரியவர் தலையசைத்தார். அசல் பாயிண்ட்டில் நாக்குக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே 5 மி.மீ. தகட்டை வைத்துச் சோதிப்பார்களாம். தகடு இருக்கும்போது பாயிண்ட் பூட்டிக்கொள்ளக் கூடாது. ஐந்தை 87-ஆல் வகுத்தேன். 0.06 மி.மீ. ஒரு தாளின் கனம்கூட இல்லை. என் பாயிண்ட் இரண்டு தாள் கனத்துக்குத் திறந்திருந்தது.

பூதக்கண்ணாடியில் பார்த்தபோது காரணம் தெரிந்தது. ஜல்லிக்காக நான் சலித்துப் போட்ட கருங்கல் தூளில் ஒரு துகள். கசகசா அளவுதான் இருக்கும். வெளித் தண்டவாளத்தின் அடிப்பாதத்தில், நாக்கு வந்து ஒட்ட வேண்டிய இடத்தில், நீர் சேர்த்த வெள்ளைப் பசையோடு இறுகியிருந்தது. மேலிருந்து பார்த்தால் நாக்கு மூடியதுபோலவே தெரியும். பாயிண்ட்டை மாற்றும்போது ஸ்பிரிங் ‘டக்’கென்று சத்தமும் போடும். சத்தம் வந்தால் மூடிவிட்டது என்று நினைத்திருந்தேன்.

அப்படியானால் டீசல் ஏன் விழவில்லை? அந்தத் துகளை உடனே எடுக்காமல் விட்டதற்கு இந்தக் கேள்விதான் காரணம். எடுத்திருந்தால் எஞ்சினின் பங்கு கடைசி வரை தெரியாமலே போயிருக்கும். டீசலின் ஒவ்வொரு சக்கரத்திலும் எஞ்சினின் எடை இறங்குகிறது. போனி அப்படி இல்லை, தன் எடையோடு மட்டும் முன்னால் உருண்டு போகிறது. அதன்மேல் ஒரு சிறு ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். கீழ்த் தட்டைக் கழற்றிப் பார்த்தேன். ஸ்பிரிங் இல்லை. சில மாதங்களுக்கு முன் எண்ணெய் போடத் திறந்தபோது தெறித்துப் போயிருக்க வேண்டும், நான் கவனிக்காமல் மூடியிருக்கிறேன். சிறிய மின்னணுத் தராசில் போனியை மட்டும் நிறுத்தினேன். மூன்று கிராம்.

ஃபிளாஞ்ச் தண்டவாளத்தில் ஏறுவதற்குச் சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளுகிற விசைக்கும் கீழே அழுத்துகிற எடைக்கும் உள்ள விகிதம்தான் காரணம். நடால் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதைச் சூத்திரமாக எழுதிவிட்டார். அசல் ரயிலுக்கு அவர் எழுதியது மூன்று கிராம் போனிக்கும் பொருந்துவதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. தள்ளும் விசை சிறியதுதான். ஆனால் அழுத்தும் எடை அதைவிடச் சிறியது.

முதலில் ஸ்பிரிங்கை மட்டும் போட்டேன். பழைய பால்பாயிண்ட் பேனாவின் சுருளில் மூன்று சுற்று வெட்டியபோது கடினமாக இருந்தது. போனி நன்றாக அழுந்தியது, ஆனால் எஞ்சினின் முன்பக்கம் தூக்கிக்கொண்டு முதல் இயக்கு அச்சு வழுக்கியது. பிறகு மெல்லிய பாஸ்பர் வெண்கலக் கம்பியை வளைத்து இலை ஸ்பிரிங் போலச் செய்தேன். தராசில் எட்டு கிராம் காட்டியது, இயக்கு சக்கரங்களும் வழுக்கவில்லை. துகள் இருக்கும்போதே ஓட்டினேன். பத்துக்கு ஏழு என்பது பத்துக்கு மூன்று ஆனது.

அடுத்து துகள். ஈரப் பஞ்சை அரை மணி நேரம் அந்த இடத்தில் வைத்தேன். வெள்ளைப் பசை இளகியதும் தையல் ஊசியால் நெம்பினேன். துகள் வந்துவிட்டது. தாள் ஒரு மடிப்புகூட நுழையவில்லை. ஸ்பிரிங்கை மறுபடி கழற்றிவிட்டு ஓட்டினேன், ஏனென்றால் துகளின் பங்கு தனியே தெரிய வேண்டும். மெதுவாகப் போனால் பத்திலும் விழவில்லை, வேகமாக விட்டபோது பத்துக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்துச் சரிசெய்த பிறகு மெதுவாக இருபது, வேகமாக இருபது, மொத்தம் நாற்பது ஓட்டம். ஒருமுறையும் விழவில்லை.

நான் ஒட்டிய பிளாஸ்டிக் பட்டையைக் கத்தி முனையால் சுரண்டி எடுத்தேன். மூன்றாவது அச்சின் 14.1-ஐ அப்படியே விட்டிருக்கலாம், பழையபடி நழுவிப் போயிருக்கும். எனக்கு மனம் வரவில்லை. நாளைக்கு வேறொரு பாயிண்ட்டில் சந்து கொஞ்சம் குறுகலாக இருந்தால் அங்கே மாட்டும். ஆனால் நீராவி எஞ்சினின் இயக்கு சக்கரத்தைச் சரக்குப் பெட்டியின் சக்கரத்தைப்போல் திருகி இழுக்கக் கூடாது. இடச் சக்கரத்தின் கிராங்க் ஊசிக்கும் வலச் சக்கரத்தின் கிராங்க் ஊசிக்கும் இடையே 90 பாகை வித்தியாசம் இருக்கிறது. எல்லா அச்சுகளிலும் அது ஒன்றுபோல் இருந்தால்தான் இணைப்புத் தண்டு சிக்காமல் சுற்றும். ஒரு சக்கரம் இரண்டு பாகை திரும்பினால்கூட எஞ்சின் நொண்டத் தொடங்கும். ஆகவே அச்சின் முனையிலும் சக்கரத்தின் நடுவிலும் சேர்த்து ஊசியால் ஒரு கோடு கீறிக்கொண்டேன். திருகு வைத்த சக்கர இழுப்பானைப் பொருத்தி, கால் சுற்றுக் கால் சுற்றாக, சுழலாமல் நேராக இழுத்தேன். 14.4 வந்ததும் நிறுத்திப் பார்த்தேன். இரண்டு கீறல்களும் ஒரே நேர்கோட்டில் நின்றன. முக்கால் மணி நேரம் ஆயிற்று.

பலகை மேடு பள்ளத்தையும் கண்ணாடிப் பட்டை வைத்துப் பார்த்தேன். குறை இல்லை.

பெரியவருக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. அகலப்பாதையில் சக்கரங்களின் முதுகுகளுக்கு இடையே 1600 மி.மீ., செக் ரயில் சந்து 44 முதல் 48 வரை என்று அவர் விரல்நுனியில் வைத்திருந்தார். 44-ஐ 87-ஆல் வகுத்தால் அரை மில்லிமீட்டர். என் பாயிண்ட்டில் 1.3. “இவ்வளவு தளர்வாக இருந்தால் எங்கள் வண்டி ஒன்றும் நிற்காது,” என்றார். உண்மைதான். மாடல் சக்கரத்தின் ஃபிளாஞ்ச் அளவுக்கு மீறித் தடித்தது, வளைவுகள் அளவுக்கு மீறிக் குறுகியவை. அந்தத் தளர்வு இல்லாவிட்டால் எதுவும் ஓடாது. கால் மில்லிமீட்டர் பிசகைப் பாதை தாங்கிக்கொள்வதும் அதனால்தான். இரண்டு பிசகு ஒரே இடத்தில் சேரும்போதுதான் தாங்குவதில்லை.

மறுநாள் ஆறு சரக்குப் பெட்டிகளை எஞ்சினுக்கு முன்னால் வைத்து யார்டுக்குள் தள்ளினேன். நான்காவது பெட்டி கிராசிங்கில் விழுந்தது. இந்த முறை பெட்டியைத் தூக்கவில்லை. மார்க்கர் பேனாவைத்தான் முதலில் எடுத்தேன். கோடு மூக்கின் நுனியிலேயே தொடங்கியது, நாக்கில் ஒன்றும் இல்லை. அளந்தால் அந்த அச்சில் 14.9. செக் ரயில் இந்தப் பக்கச் சக்கரத்தைப் பிடிக்கும்போது மறுபக்க ஃபிளாஞ்ச் மூக்கை நேராக முட்டுகிறது. பிளாஸ்டிக் அச்சு, கிராங்க் எதுவும் இல்லை. விரலால் அழுத்தி 14.5-க்குக் கொண்டுவந்தேன். ஐந்து நிமிட வேலை. ஏறிய இடமும் இறங்கிய இடமும் ஒன்றாகவே இருந்த வழக்கு அது.

இப்போது ஐந்து பாயிண்ட்களுக்கும் நோட்டில் ஒவ்வொரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். ஒவ்வொரு நாக்குக்கும் தாள் சோதனை எழுதியாயிற்று. இரண்டாம் பாயிண்ட்டின் இட நாக்கில் ஒரு மடிப்பு சிரமப்பட்டு நுழைகிறது. அங்கே துகள் எதுவும் கண்ணுக்குப் படவில்லை, இதுவரை எதுவும் விழவும் இல்லை. ஆடிக் காற்று தொடங்கினால் மாடி முழுவதும் புழுதி அப்பும். அதற்குள் ஒருமுறை வந்து பார்ப்பதாகப் பெரியவர் சொல்லியிருக்கிறார்.